ஒன்பது பேருக்கும் வாய்வு

பால்வண்ணநாதன் அரிசி ஆலையில் மூடை தூக்கும் ஒன்பது பேரில் ஒருவருக்கும் உடம்பில் வலி என்று ஒன்று கிடையாது. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வாய்வு உண்டு. கழுத்து திரும்பவில்லையா, வாய்வு. இடுப்பு பிடித்துக்கொண்டதா, வாய்வு. படி ஏறும்போது முழங்கால் கடகடவென்று பேசுகிறதா, அதுவும் வாய்வுதான், கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. முந்தின நாள் தின்ற மொச்சைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் மனுஷ உடம்பில் இத்தனை வேலை பார்க்கும் என்று எந்த வைத்தியரும் கண்டுபிடித்திருக்க மாட்டார். இவர்கள் கண்டுபிடித்து, அதை மனப்பூர்வமாக நம்பியும் வந்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வலி என்று சொல்லிவிட்டால் அதற்குக் காரணம் மூடை. மூடைதான் காரணம் என்றால் ஆள் மூடையிடம் தோற்றுவிட்டான் என்று அர்த்தம். வாய்வு என்றால் அந்த வம்பே இல்லை. பழி மொச்சைக்கொட்டை மேல் போய்விடும். பூண்டைச் சுட்டுத் தின்று, பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்துவிட்டு, மறுநாள் காலையில் தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்துவிடலாம். மரியாதைக்கு ஒரு குறைவும் வராது.

இந்த ஒன்பது பேர் செட்டுக்குத் தலைவர் இசக்கிமணி. வயது ஐம்பத்தொன்று. ஆலை தென்காசியிலிருந்து சுரண்டை போகும் சாலையில் இருக்கிறது. வருகிற நெல்லை இறக்குவதும், கேரளாவுக்குப் போகிற அரிசியை லாரியில் ஏற்றுவதும் இந்த செட்டின் வேலை. இருபத்தாறு வருஷமாக அவர் அங்கே தூக்குகிறார். இரண்டு பேர் மூடையைத் தூக்கிவிட, ஒருத்தன் அதைப் பிடரியில் வாங்கிக்கொண்டு பலகை மேல் ஏறி, லாரிக்குள் போட்டுவிட்டு வர வேண்டும். நெல் மூடை எழுபத்தைந்து கிலோ. அரிசி ஐம்பது.

அந்தச் சித்திரையிலிருந்து இசக்கிமணியின் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போக ஆரம்பித்திருந்தன. முதலில் காலையில் மட்டும். ஆனி பிறந்தபோது நாள் முழுக்க. சோறு பிசைந்தால் இரண்டு விரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. சட்டைப் பொத்தானை இடது கையால் மாட்டப் பழகிக்கொண்டார். இது மொச்சைக்கொட்டை இல்லை என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பயமாக இருந்தது. ஆனால் யாரிடமும் சொல்ல முடியாது. ஏனென்றால் செட்டில் ஒரு சட்டம் உண்டு, அந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவானே அவர்தான்.

"தூக்குனா செட்டு. தூக்கலைன்னா வீடு." இவ்வளவுதான் சட்டம். எழுதி வைக்கவில்லை, எழுதத் தேவையும் இல்லை. ஒருத்தன் தூக்காமல் நின்றால் அவன் மூடையை மற்ற எட்டுப் பேர் சுமக்க வேண்டும், அது நியாயமில்லை என்பது அவருடைய கணக்கு. நாலு வருஷத்துக்கு முன்னால் சுடலைராஜ் என்பவனுக்கு முழங்கால் வீங்கி, பத்து நாள் சும்மா உட்கார்ந்தான். பதினோராம் நாள் இசக்கிமணியே அவனைக் கூப்பிட்டு, "உனக்கு இது சரிப்படாதுலே, வேற வேல பாத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார். இப்போது அதை நினைக்காமல் அவருக்கு ஒரு நாளும் போகவில்லை.

ஆடி முதல் வாரத்தில் சாஜிதா வந்தாள். கடையநல்லூர்க்காரி, முப்பது வயது இருக்கும். திருநெல்வேலியில் ஒரு நிறுவனத்தில் வேலை. தொழிற்சாலைகளில் ஆட்கள் எப்படித் தூக்குகிறார்கள், எப்படிக் குனிகிறார்கள், உடம்பு எங்கே கெடுகிறது என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். ஆலையில் அரிசி வாங்கும் கொச்சிக் கம்பெனி, வேலையாட்களின் நிலவரம் பற்றி ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்று கேட்டிருந்தது. முதலாளி பால்வண்ணநாதன் வேண்டா வெறுப்பாகத்தான் சம்மதித்தார். ஆனால் சம்மதித்தபோது எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்தா பாருங்க, மூடைய மேல கொண்டுபோற பெல்ட் ஒண்ணு கோயம்புத்தூர்ல விசாரிச்சு வச்சிருக்கேன். ரிப்போர்ட்டுல நம்ம ஆளுகளுக்கு மேலுக்கு முடியலைன்னு வந்தா அத வாங்கிப் போட்டுருதேன். ஆள் ஒருத்தரையும் கொறைக்க மாட்டேன். எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்கன்னு வந்தா, இருக்கபடி இருக்கட்டும்."

பேச்சு சுத்தம். இசக்கிமணிக்கு அந்த பெல்ட் எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவருக்கும் அவருடைய இரண்டு விரலுக்கும்தான் தெரியும். ஆனால் வலிக்கிறது என்று சொன்னால்தான் பெல்ட் வரும். வலிக்கிறது என்று சொன்னவனுக்கு செட்டில் இடம் இருக்காது. தனக்குத் தானே நல்ல பொறியாகத்தான் செய்து வைத்திருந்தார்.

சாஜிதா முதலில் ஒரு படத்தைச் சுவரில் மாட்டினாள். ஒரு வெள்ளைக்காரன் மாதிரி ஆள், முதுகை நேராக வைத்து முழங்காலை மடக்கி, தரையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்குகிறான். அது மாதிரி அவளே உட்கார்ந்து எழுந்தும் காட்டினாள். செட்டில் வாய்க்காரன் ஏசுதாசன். அவன் கை கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டான்.

"மேடம், படம் நல்லாருக்கு. ஆனா நாங்க தரையிலருந்து எப்ப மேடம் எடுத்தோம்? ரெண்டு பேரு தூக்கி விடுதான், பெடரியில வாங்குதோம். கீழ குனிஞ்சா சும்மாடுதான் விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அதுவே இசக்கிமணிக்குப் பிடித்துப்போயிற்று. படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மதியம் வரைக்கும் அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யார் எத்தனை மூடை, எத்தனை தடவை பலகை ஏறினான், போடும்போது எந்தப் பக்கம் திரும்பினான் என்று எழுதினாள். பிறகு ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் படிவத்தை வைத்துக் கேட்டாள். நாலாவது கேள்வி: கடந்த ஒரு வருஷத்தில் கழுத்து, தோள், முதுகு, முழங்காலில் வலி இருந்ததா?

"இல்ல மேடம்," என்றான் ஏசுதாசன், சத்தியமாக.

"ச்சே, அதெல்லாம் கெடையாது," என்றான் அடுத்தவன். அவனுக்கு அன்றைக்குக் கழுத்தே திரும்பவில்லை. உடம்போடு சேர்த்துத் திரும்பித்தான் பதில் சொன்னான். ஆனால் பொய் சொல்லவில்லை. அவனுக்கு இருந்தது வாய்வு. வாய்வைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை.

கடைசியாக இசக்கிமணி. "வலி இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். "எனக்கா? இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார். பேனா விரலில் நிற்காமல் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, மறுபடி நழுவி, மூன்றாம் தடவை இடது கையால் பிடித்து வலது கைக்குள் சொருகிக்கொண்டார்.

"கைக்கு என்ன?" என்று கேட்டாள்.

"வாய்வும்மா," என்றார்.

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். அந்த வார்த்தையைக் காலையிலிருந்து அங்கேயும் இங்கேயும் கேட்டிருக்கிறோமே என்று யோசித்தவள் மாதிரி இருந்தது. அப்புறம் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல சாரல். இசக்கிமணி மனைவி வள்ளித்தாயிடம் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குற்றாலத்துக்கு பஸ் ஏறினார். வள்ளித்தாய் பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே, "பூண்டு வாங்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். பேரருவிப் பக்கம் தெரிந்த முகம் நிறைய இருக்கும் என்று அவர் ஐந்தருவிக்கே போய்விட்டார். கூட்டத்தில் முட்டி மோதி உள்ளே புகுந்து, பிடரியைத் தண்ணீருக்குக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அருவி நன்றாகத்தான் சாத்தியது. விரலில் உணர்ச்சி வரவில்லை. சரி, எண்ணெய் போட்டுப் பார்க்கலாம் என்று மசாஜ்காரர்கள் வரிசைப் பக்கம் வந்தார். பச்சைத் தார்ப்பாய்க்குக் கீழே ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணெய் சூடு பண்ணிக்கொண்டிருந்தான்.

"கழுத்து புடிக்கணும்," என்று சொல்லிக்கொண்டே இசக்கிமணி பலகையில் உட்கார்ந்தார்.

அவன் திரும்பினான். சுடலைராஜ்.

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது இசக்கிமணிக்கு. துண்டு மட்டும்தான் கட்டியிருந்தார், சட்டை அங்கே கொடியில் தொங்கியது. சுடலைராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தான். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தான். ஸ்டூலை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டான். முழங்கால் இன்னும் சரியாகவில்லை போல.

"வாங்க அண்ணாச்சி. எங்கன வாய்வு?"

"நீ இங்கனயாலே இருக்க?"

"மூணு சீசனா இங்கனதான்." எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு பிடரியில் கட்டைவிரலை வைத்தான். ஒரே அழுத்து. இசக்கிமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இந்த இடம்தான? வலது பக்கம். சுண்டு விரலும் மோதிர விரலும் மதமதன்னு இருக்குமே?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க செட்டுல எட்டுப் பேரும் எங்கிட்டதான வாரானுவ." சுடலைராஜ் சாவகாசமாகச் சொன்னான். "ஒருத்தன் வாரது ஒருத்தனுக்குத் தெரியாது. ஆளுக்கொரு நேரம் வச்சிருக்கானுவ. 'அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிரக் கூடாது'ன்னு சத்தியம் வேற வாங்கிட்டுப் போவானுவ. இன்னைக்கு அண்ணாச்சியே வந்தாச்சு. செட்டு முழுசாயிட்டு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். அதுவும் ஒரே எடம், வலது பக்கம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல. ஒங்களுக்குத்தான் வெரல் வரைக்கும் எறங்கிட்டு. நான் தெரியாமக் கேக்கேன், மொச்சக்கொட்ட ஒம்பது பேரு வயித்துக்குள்ள போயி, அளந்து வச்ச மாதிரி ஒரே எடத்துக்கா ஏறும்?"

இசக்கிமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடியும் முன்னால் வெட்கம் வந்தது. எட்டுப் பேரும் தன்னிடமிருந்துதான் ஒளிகிறார்கள். தானும் அவர்களிடமிருந்துதான் ஒளிகிறோம். ஒரே லாரிக்குள் ஒரே பலகையில் ஏறிக்கொண்டு இத்தனை நாள் என்ன நாடகம் ஆடியிருக்கிறோம் என்று தோன்றியது.

"ஒன்ன நான் அனுப்புனது தப்புலே," என்றார். முகம் தெரியாமல் பின்னால் அவன் இருந்தது சொல்லுவதற்கு வசதியாக இருந்தது.

"தப்புதான்," என்றான் சுடலைராஜ். கை நிற்கவில்லை. "ரொம்ப நாள் கோவமாத்தான் இருந்தேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு. தலையக் குனிங்க." கழுத்தைப் பிடித்து முடித்துவிட்டுத் துண்டால் எண்ணெயைத் துடைத்தான். "கேளுங்க அண்ணாச்சி. எண்ணெ போட்டா சதை எளகும். இது சதை இல்ல, நரம்பு. திருநவேலியில போயி காட்டுங்க. இதோட மூடைக்குக் கீழ போயி நின்னீயன்னா கையே இல்லாமப் போயிரும்."

அப்போதுதான் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ஏசுதாசன் உள்ளே வந்தான். சர்ச் முடிந்து நேராக வந்திருக்கிறான். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த துண்டு. இசக்கிமணியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"இங்கன எங்க வந்த?" என்றார் இசக்கிமணி, தலைவர் குரலில்.

"சும்மா, அருவி பாக்க. நீங்க?"

"நானும் அருவி பாக்கத்தான்."

அந்தத் தார்ப்பாய்க்குள்ளிருந்து அருவி தெரியாது. சுடலைராஜ் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அடுத்த கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றினான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, டீயும் வடையும் வந்த நேரத்தில், எல்லோரையும் குடோன் முன்னால் கூப்பிட்டார்கள். சாஜிதா கையில் ரிப்போர்ட். முகம் அவ்வளவு சரியில்லை. நாலாவது கேள்விக்கு ஒன்பது பேரும் இல்லை என்று சொல்லியிருப்பதாக வாசித்தாள். மற்றபடி தான் பார்த்ததில் சுமையும் பலகையும் சரியாகப் படவில்லை என்றும், ஆனால் வேலை செய்கிறவர்களே வலி இல்லை என்று சொல்லும்போது தன்னால் வேறு மாதிரி எழுத முடியாது என்றும் சொன்னாள்.

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சரி. அப்ப பெல்ட் வேண்டாம். நல்ல விஷயந்தான? எல்லாரும் திடமா இருக்காங்க. கையெழுத்துப் போட்டு முடிச்சிருவோம்."

இசக்கிமணி வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்போது பேசாவிட்டால் இந்தக் காகிதம் கொச்சிக்குப் போய்விடும். பேசினால் நாளைக் காலையில் தான் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. மூடை தூக்குவதைத் தவிர வேறு ஒன்றும் அவருக்குத் தெரியாது. காலையில் ஒன்பது பேராகக் கிளம்பி ஒன்பது பேராகத் திரும்புவதைத் தவிர வேறு மாதிரி நாளும் அவர் பார்த்ததில்லை. ஏசுதாசனைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இருங்கம்மா," என்றார். "நீங்க கேள்விய மாத்திக் கேட்டுட்டீங்க. வலி இருக்கான்னு கேட்டா இங்கன ஒருத்தனும் சொல்ல மாட்டான். வாய்வு இருக்கான்னு கேட்டுப் பாருங்க."

சாஜிதாவுக்கு ஒரு கணம்தான் ஆயிற்று. விழுந்த பேனா அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டை மூடிவிட்டு, சத்தமாகக் கேட்டாள்: "யாருக்கெல்லாம் வாய்வு இருக்கு?"

முதலில் ஏசுதாசன் கை தூக்கினான். அப்புறம் ஒன்று, இரண்டு. ஒருத்தன் தூக்கியதைப் பார்த்து அடுத்தவன், கடைசியில் எட்டுக் கையும் மேலே. வெட்கப்படும்படி இதில் ஒன்றும் இல்லையே, வாய்வுதானே, எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

முதலாளி அசந்துபோனார். "எல்லாருக்குமா? என்னடே இது, நான் அரிசி மில் நடத்துதேனா, மொச்ச அவிச்சு ஊத்துதேனா?"

"வாய்வு எந்த எடத்துல இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க," என்றாள் சாஜிதா.

எட்டுக் கையும் ஒரே இடத்துக்குப் போயிற்று. வலது பக்கம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். அவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு மெதுவாக நின்றது. ஏசுதாசன் பக்கத்தில் நின்றவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, தன் கழுத்தையும் தொட்டுப் பார்த்தான்.

சாஜிதா குடோன் சுவரைக் காட்டினாள். லாரி எப்போதும் அந்தச் சுவரை ஒட்டித்தான் நிற்கும். அதனால் பலகையை ஒரே பக்கத்தில்தான் போட முடியும். மேலே ஏறினவன் வலது பக்கம் கழுத்தை முறுக்கித்தான் மூடையைப் போட வேண்டும். ஒருத்தர் ஒரு நாளைக்கு நூற்று அறுபது தடவை திரும்புகிறார் என்று தன் நோட்டைப் பார்த்துச் சொன்னாள். "இது வயித்துல இருந்து வரல அண்ணாச்சி. அந்தச் சொவத்துல இருந்து வருது," என்றாள். முதலாளி அந்தச் சுவரை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவருடைய அப்பா கட்டின சுவர் அது.

"நீங்க கை தூக்கலயே அண்ணாச்சி?" என்று இசக்கிமணியிடம் கேட்டாள்.

"எனக்கு வாய்வு இல்லம்மா," என்றார் இசக்கிமணி. "எனக்கு வலி."

அவர் வலது கையை நீட்டி மூடிக் காட்டினார். மூன்று விரல் மூடியது, இரண்டு விரல் பாதியில் நின்றது. "சித்திரையிலருந்து இப்படித்தான். சொன்னா செட்டுல இருக்க முடியாதுன்னு பயந்துபோயி மறைச்சேன். முந்தாநேத்து சுடலைராஜப் பாத்தேன். அவன அன்னைக்கு என்ன சொல்லி அனுப்புனேன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம் கெடையாது. இனிமே என்னால தூக்க முடியாது. நான் வீட்டுக்குப் போறேன்." சொல்லி முடித்ததும் தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். குரல் உடையாமல் சொல்ல முடிந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. நெஞ்சு என்னவோ காலியாகி, லேசாகத்தான் இருந்தது.

அவர் நாலு எட்டு வைப்பதற்குள் ஏசுதாசன் குறுக்கே வந்து நின்றான்.

"நில்லுங்க அண்ணாச்சி. அந்தச் சட்டத்தப் போட்டது யாரு?"

"நாந்தான்."

"நீங்க போட்டத நீங்களே எடுத்தா, ஒங்க வசதிக்கு எடுத்த மாதிரி ஆயிரும். அது மரியாத இல்ல. அதனால நாங்க எடுத்துருதோம்." திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். "ஏலே, மேலுக்கு முடியலைன்னாலும் செட்டுல இருக்கலாம், கொணமாயி வார வரைக்கும் அவன் எடம் அவனுக்குத்தான். சரின்னு சொல்லுதவன் கை தூக்கு."

வாய்வுக்குத் தூக்கின கையைச் சிலர் இன்னும் முழுதாக இறக்கவே இல்லை. எட்டும் மறுபடி மேலே போயிற்று.

"சுடலைராஜ்?" என்று கேட்டார் இசக்கிமணி. இதைக் கேட்கும்போதுதான் குரல் உடைந்தது.

"அவனுக்கும் சேத்துத்தான்," என்றான் ஏசுதாசன். "வாரத்துக்கு ஒரு நா அவன் கையில கழுத்தக் குடுத்துட்டு, அவன விட்டுட்டா சட்டம் போட முடியும்?"

முதலாளி கனைத்துக்கொண்டார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார், அவ்வளவுதான். சாஜிதாவிடம் அந்த நாலாவது கேள்வியின் பதிலை அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார். அவள் அடித்தாள். கேள்வியையும் மாற்றி எழுதினாள். இனிமேல் இந்த ஜில்லாவில் எங்கே போனாலும் வாய்வு என்ற வார்த்தையையும் சேர்த்துத்தான் கேட்பேன் என்று சொன்னாள்.

பெல்ட் வந்து சேர ஆவணி கடைசி ஆயிற்று. வந்தது சும்மா வரவில்லை. பலகை போட்ட இடத்தில் அதை நிறுத்தச் சுவரில் பத்தடியை இடித்தார்கள். இப்போது மூடையை இடுப்பு உயரத்தில் பெல்ட்டில் சாய்த்துவிட்டால் அதுவே மேலே போகிறது, லாரிக்குள் நிற்கிறவன் இழுத்து அடுக்குகிறான். நெல்லையும் ஐம்பது கிலோவுக்கு மேல் கட்டுவதில்லை. சீசன் முடிந்ததும் சுடலைராஜ் வந்துவிட்டான். உட்கார்ந்த இடத்தில் மூடை வாய் தைக்கிற வேலை. அடுத்த சாரலுக்கு ஐந்தருவிக்குப் போய்விடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். ஒரே ஒரு தொந்தரவுதான். பிடரியில் மூடை இருந்த காலத்தில் எவனுக்கும் பேச மூச்சு இருந்ததில்லை. இப்போது ஏசுதாசன் வாயை மூட வழியே இல்லை என்று முதலாளி குறைபட்டுக்கொள்கிறார்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. கை தூக்கின மறுநாள் புதன்கிழமை, இசக்கிமணி வள்ளித்தாயிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியில் டாக்டரைப் பார்க்கப் போனார். கழுத்து எலும்புக்கு நடுவில் நரம்பு நசுங்கியிருக்கிறது, நல்ல வேளை இப்போதாவது வந்தீர்கள், ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றார் டாக்டர். சித்திரையிலிருந்து தன்னிடமும் மறைத்தாரே என்று வள்ளித்தாய்க்கு ஆற்றாமை. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டாள். அவர் ஸ்பூனால் சாப்பிட்டார். பிறகு அவள் பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கழுத்தைக் கவிழ்த்துச் சுற்ற ஆரம்பித்தாள். மத்தியான வெளிச்சத்தில் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவர் வீட்டில் இருந்ததே இல்லை. இலையை வெட்டுகிறாள், தூளை வைக்கிறாள், உருட்டுகிறாள், நூலைச் சுற்றுகிறாள். ஐந்தாறு பீடிக்கு ஒரு தடவை கையை உதறிக்கொள்கிறாள். எழுந்து போய் முறத்தை எடுத்து வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆகிறது. இதையெல்லாம் அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"ஏட்டி," என்றார். "ஒனக்கு எங்கனயாவது வலிக்கா?"

வள்ளித்தாயின் கை நின்றது. இந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள், கேலி பண்ணுகிறாரோ என்று. அவர் கேலி பண்ணவில்லை. தட்டை மெதுவாக மடியிலிருந்து இறக்கி வைத்தாள். கண் நிறைந்துவிட்டது, கூடவே சிரிப்பும் வந்துவிட்டது.

"எங்கனயிருந்து சொல்ல?" என்று கேட்டாள்.

இசக்கிமணி நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து, சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"உச்சந்தலையிலருந்து ஆரம்பி," என்றார். "ஆறு வாரம் லீவு இருக்கு."